பட்டப்பகல் லைட்டு

நீங்க ஜன்னலோரம் உக்காந்துக்குங்க தம்பி. நான் இந்தப் பக்கமா உக்காந்துக்கறேன். எடது காலு மடங்காதுங்க, நீட்டித்தான் வெக்கோணும். யாராச்சும் தாண்டிப் போனா நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிப் போடுங்க, இங்க ஒரு காலு இருக்குதுன்னு. எவனுக்கும் இப்ப கண்ணு தெரியறதில்லை.

உடுமலைங்களா? நானும் அங்கதான் போறேன். புள்ளை வீட்டுக்கு.

அதா, அதா வர்றான் பாருங்க. செவப்பு பைக்கு. மணி பதினொண்ணு, மண்டையப் பொளக்கற வெயிலு, லைட்டப் போட்டுட்டு வர்றான். தம்பி, நீங்க ஜன்னலோரம் இருக்கறீங்க, கொஞ்சம் கைய வெளிய உட்டு காட்டுங்க. இப்புடி, அஞ்சு வெரலயும் விரிச்சு மூடி, விரிச்சு மூடி. அட, போயிட்டான். சரி உடுங்க. பின்னால எப்புடியும் இன்னொருத்தன் வருவான்.

காலுக்கு என்னன்னுதான கேட்டீங்க. மத்தவங்க கேட்டா வழுக்கி உழுந்துட்டேன்னு சொல்லிருவேன். உங்களப் பாத்தா நாயம் தெரிஞ்ச புள்ளையாட்ட இருக்குது. வெளிச்சத்தால வந்த வெனைங்க இது.

என்ற பேரு வெள்ளிங்கிரி. கரட்டுப்பாளையம் பேரூராட்சியில தெருவெளக்கு போட்டு அணைக்கறதுதான் என்ற உத்தியோகம். பொழுது எறங்குனா போடோணும், வெடிஞ்சா அணைக்கோணும். போடறத எவன் வேணும்னாலும் போட்டுருவான். கொஞ்சம் நேரமானா ஊரே வந்து சத்தம் போடுமுல்ல. அணைக்கறதுதான் சோலி. அணைக்காம உட்டா எவனும் கேக்க மாட்டான். கேக்காத சோலிய ஒழுங்காச் செய்யறவன்தான் மனுசன். நான் வேலையில இருந்த வரைக்கும் வெயில் வந்த பொறகு எங்க ஊருல ஒரு பல்பு எரிஞ்சதுன்னு யாரும் சொன்னது கெடையாதுங்க. காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட என்ற சம்சாரம் ருக்குமணியக் கூட்டிட்டுப் போயி, அவ தோளப் புடிச்சுட்டு அணைச்சுட்டு வந்தேன்.

ரிட்டையர் ஆனேன். வீட்டுல சும்மா உக்கார முடியுமுங்களா. என்ற பழைய வண்டிய எடுத்துட்டு டீ குடிக்க கடைவீதிக்குப் போவேன். அப்பத்தான் கவனிச்சேன், எதுக்க வர்ற வண்டியில பாதி வண்டி லைட்டோட வருது. பகல்ல. மறந்துட்டானுங்க போலன்னு கையக் காட்டுனேன். அவனும் தலைய ஆட்டுனான். ஆட்டிப் போட்டு அணைக்காமப் போறான். அடுத்தவனும் அப்புடித்தான். ஒருத்தன் சிரிச்சான். ஒரு பொம்பளைப் புள்ளை எனக்கு டாட்டா காட்டிட்டுப் போச்சு.

மறந்தவனுக்குச் சொல்லலாம், தலைய ஆட்டறவனுக்கு என்னன்னு சொல்றது? நான் ரயில்வே கேட்டுக்குப் போனேன். அங்கதான் எல்லாரும் நின்னாகோணும். ஒரு பையன் நின்னான், லைட்டு எரியுது. நானே கைய நீட்டி அணைச்சுரலாம்னு பாத்தேன். ஸ்விட்ச்சக் காணோம். இந்தப் பக்கம் தடவறேன், அந்தப் பக்கம் தடவறேன், ஆரன்தான் அடிக்குது. அவன், "என்னங்க பெரியவரே தேடறீங்க"ன்னு கேட்டான். "ஸ்விட்ச்சு எங்கடா"ன்னேன். "இதுல ஸ்விட்ச்சே கெடையாதுங்க"ன்னான்.

எனக்கு விளங்கிருச்சு தம்பி. பக்கத்துல நின்ன இன்னொரு வண்டியப் பாத்தேன், அதுலயும் இல்லை. எல்லாப் பயலும் ஸ்விட்ச்சப் புடுங்கி வீட்டுல வெச்சுட்டு வர்றானுங்க. எவனும் வந்து அணைச்சுரக் கூடாதுன்னு. எத்தனை திட்டம் பாத்தீங்களா.

இப்புடி இருக்கறப்பத்தான் என்ற புள்ளை தாரணிக்கு ஒரு எடம் வந்துச்சு. உடுமலைப் பக்கம், பையன் தேங்காநார் கம்பெனியில சூப்ரவைசர். பேரு மகுடேஸ்வரன். போட்டோவுல நல்லாத்தான் இருந்தாரு. ருக்குமணிக்குப் புடிச்சுது, புள்ளைக்கும் புடிச்சுது. ஞாயித்துக்கெழமை உச்சி வேளைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்கன்னு நான் வாசல்ல நிக்கறேன். அவங்கம்மாவும் சொந்தக்காரங்களும் கார்ல வந்தாங்க. மாப்ள மட்டும் வண்டியில பின்னால வந்தாரு.

லைட்டு எரியுதுங்க.

நான் வாங்கன்னுகூடச் சொல்லலை. "தம்பி, லைட்ட அணைங்க"ன்னேன். அவரு வண்டியவே நிறுத்திப் போட்டு, "அணைஞ்சிருச்சுங்க மாமா"ன்னாரு. "இல்லை, வண்டிய ஓட்டிக் காட்டுங்க, லைட்டு இல்லாம"ன்னேன். அவரு பொறுமையாத்தான் சொன்னாரு.

"அது அணையாதுங்க மாமா. புது வண்டி எல்லாமே இப்புடித்தான் வருது. நமக்கு வழி தெரியறதுக்கு இல்லீங்க இது. எதுக்க வர்றவங்களுக்கு நாம தெரியறதுக்கு."

"பட்டப்பகல்ல உங்களத் தெரியாதுங்களா?"

"சில சமயம் தெரியாதுங்க. மர நெழலு, வெயிலு, மர நெழலுன்னு மாறி மாறி வர்றப்ப வண்டி கண்ணுல படாமப் போயிருமுங்க."

ஒரு ஆளு, வெட்டவெளிச்சத்துல கண்ணுல படாமப் போயிருவானாம். பேயாட்ட. சரி, சோதிச்சுப் பாத்துரலாம்னு நான் சொன்னேன். உள்ள கேசரி ஆறிட்டு இருக்குது, பொண்ணு சேலை கட்டிட்டு நிக்குது, நாங்க தெருவுக்கு எறங்கிட்டோம். தெருக்கோடியில ஒரு பெரிய புங்கமரம் இருக்குது. அதுக்கடியில போயி வண்டிய ஸ்டார்ட்லயே வெச்சுட்டு நில்லுங்கன்னு மாப்ளைய அனுப்புனேன். லைட்டு மேல மொதல்லயே என்ற துண்டப் போத்தி உட்டிருந்தேன். இந்தக் கோடியில நானு, பக்கத்துல சாட்சிக்கு என்ற மச்சினன் நாச்சிமுத்து.

"நல்லாத் தெரியுது"ன்னேன் நானு.

நாச்சிமுத்து கையக் கண்ணுக்கு மேல வெச்சுப் பாத்தான். "எங்கீங்க மச்சான்?"

"அந்த மரத்துக்கு அடியிலடா."

"மரம் தெரியுதுங்க. மாப்ளையக் காணலீங்களே."

துண்ட எடுக்கச் சொல்லிச் சைகை காட்டுனேன். எடுத்தாரு. "இப்பத் தெரியறாருங்க"ன்னான். இவனுக்குக் கண்ணுல பொறை உழுந்துருக்குது, ஆப்பரேசனுக்குப் பயந்துட்டுத் திரியறான். அவன் சாட்சி செல்லாதுன்னு தள்ளிட்டேன். நான் மாப்ளையத் தெரியுது தெரியுதுன்னு சொன்னனே, எனக்கு எப்புடித் தெரிஞ்சுதுன்னு மாப்ளையோட அம்மா கேக்கறாங்க. அவரு அங்க நிக்கறாருன்னு எனக்குத்தான் தெரியுமே, நான்தான அனுப்புனேன்.

அதா பாருங்க, ரண்டு வண்டி. காட்டுங்க தம்பி, காட்டுங்க. கண்டக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பாத்தீங்களா, தலைய ஆட்டறான். எல்லாப் பயலும் தலைய ஆட்டறதுல ஒத்துமையா இருக்கறானுங்க.

எங்க உட்டேன்? ஆங். லைட்ட அணைச்சாத்தான் பொண்ணுன்னு நான் கண்டிசனாச் சொல்லிட்டேன். ருக்குமணி சமையல்கட்டுல அழுகறா. தாரணி வெளிய வந்து, "அப்பா, அவரு குடிக்கறாரான்னு கேட்டீங்களா, கொணம் எப்புடின்னு கேட்டீங்களா"ன்னு கேட்டா. நான் சொன்னேன், "அம்மிணி, பகல்ல வெளக்க எரிய உடறவன் குடும்பத்த எப்புடிக் கட்டிக் காப்பாத்துவான்? அதவிட என்ன கொணத்தக் கேக்கோணும்?" அவ உள்ள போயிட்டா.

ரண்டு பக்கமும் பெரியவங்க உக்காந்து பேசுனாங்க. சீர் பத்தி ஒரு வார்த்தை பேசலை, சமையல் பத்திப் பேசலை, லைட்டப் பத்தித்தான். கடைசியில மாப்ளையே ஒரு வழி சொன்னாரு. "மாமா, உங்க தெருவுக்குள்ள வர்றப்ப மட்டும் லைட்ட மூடிக்கறேனுங்க. தெருவத் தாண்டுனா என்ற வழிக்கு உட்டுருங்க." நானும் எறங்கி வந்தேன். எத்தனைன்னுதான் பிடிவாதம் புடிக்கறது. வெத்தலை பாக்கு மாத்திக்கிட்டோம்.

அப்புறம் மாப்ள வர்றப்பெல்லாம் தெரு மொனையில இருக்கற தண்ணித்தொட்டிக்கிட்ட நிறுத்துவாரு. பாக்கெட்டுல இருந்து ஒரு மஞ்சப்பைய எடுத்து லைட்டுக்கு மாட்டி, பையோட காத இழுத்துக் கட்டிப் போட்டு, மெதுவாத் தெருவுக்குள்ள வருவாரு. தெருவுல பொம்பளைங்க, மாப்ள என்னமோ பலகாரம் கொண்டாராருன்னு நெனச்சுக்கிட்டாங்க. பக்கத்து வீட்டம்மா ஒரு நாளு ருக்குமணிகிட்டயே கேட்டுருச்சு, "எப்ப வந்தாலும் பையோட வர்றாரு, எங்களுக்கு ஒரு துண்டு குடுத்தா என்ன"ன்னு.

ஆனா தம்பி, பைக்குள்ள அது எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு. மஞ்சளா வெளிய தெரியும். மூடி வெச்சா அணைஞ்சதா ஆயிருமுங்களா? எனக்குச் சோறு எறங்கலை. நம்ம வீட்டு மாப்ள ஆகப் போறவரு, அவருக்கு ஒரு நல்லது செய்யோணும்னு எனக்குத் தோணுச்சு.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாளுக்கு முன்னால மதியச் சாப்பாட்டுக்கு வந்தாரு. நாட்டுக்கோழி. நல்லாச் சாப்பிட்டுப் போட்டு முன்னால ஆசாரத்துல பாய விரிச்சுப் படுத்துத் தூங்கிட்டாரு. வண்டிச் சாவி ஆணியில தொங்குது. எடுத்துட்டு வண்டியோட நேரா சிக்கந்தரோட மெக்கானிக் பட்டறைக்குப் போனேன். இந்த லைட்டு ஒயரக் கட் பண்ணுப்பான்னேன். அவன் மாட்டேன்னுட்டான்.

"இதக் கட் பண்ணக் கூடாதுங்கண்ணா. எதுக்க வர்றவன் உங்களப் பாக்கறதுக்குத்தாங்க இது இருக்குது."

இவனும் அதே பாட்டு. ஊரு பூரா ஒரே பாடம் படிச்சுட்டு நிக்குது. நான் சொன்னேன், "கட்டிங் பிளேயரு மட்டும் குடு. நான் கம்பத்துல ஏறி ஒயரு பாத்தவன்." குடுத்தான். முன்னாடி மூடியக் கழட்டுனா ஒயரு கண்ணு முன்னால நிக்குது. ஒரே வெட்டு. ஸ்டார்ட் பண்ணுனேன். வண்டி உறுமுது, லைட்டு கருப்பா நிக்குது. அந்த நிம்மதிய நான் எப்புடிச் சொல்றதுன்னு தெரியலீங்க. மறுபடியும் உத்தியோகத்துக்குப் போயிட்டு வந்தாப்புடி இருந்துச்சு.

சரி, ஒரு சுத்து போயிட்டு வரலாம்னு வாய்க்கால் ரோட்டுல உட்டேன். ரண்டு பக்கமும் புளியமரம். வெயிலும் நெழலும் ரோட்டுல கட்டம் கட்டமா உழுந்து கெடக்குது. காத்து நல்லா இருக்குது. எதுக்க வர்ற ஒருத்தன்கூட எனக்குக் கையக் காட்டலை. எப்புடிக் காட்டுவான், என்ற லைட்டுத்தான் எரியலையே. நெஞ்ச நிமித்திட்டுப் போயிட்டு இருக்கேன். தோட்டத்துத் தடத்துல இருந்து ஒரு பால் வண்டி வந்து நின்னுச்சு. டிரைவர் இந்தப் பக்கம் பாத்தான். அந்தப் பக்கம் பாத்தான். மறுபடியும் இந்தப் பக்கம், என்னயவே பாத்தான். பாத்துப் போட்டு நேரா ரோட்டுல ஏத்திட்டான்.

அப்புறம் நான் வாய்க்கால் மேட்டுல கெடந்தேன். பால் ஓடிட்டு இருந்துச்சு. காலு எங்கியோ வேற பக்கமாப் பாத்துட்டு இருந்துச்சு. அந்த டிரைவர் ஓடியாந்து என்ற தலையத் தூக்கி மடியில வெச்சுட்டு, "பெரியவரே, சாமி சத்தியமா நான் உங்களப் பாக்கலீங்க"ன்னு அழுகறான்.

"என்னயப் பாத்துட்டுத்தானடா ஏத்துன"ன்னேன்.

"பாத்தனுங்க. ரோடுதாங்க தெரிஞ்சுது. நெழலுதான்னு நெனச்சேனுங்க. ஒரு லைட்டு எரிஞ்சிருந்தா நின்னிருப்பனுங்க."

நல்லவன்தான், அவனே தூக்கி வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். ஆனா நீங்களே சொல்லுங்க. நான் என்ன சின்ன உருவமா? வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெத்தி நெறையத் துண்ணூறு. என்னயப் பாத்து நெழலுங்கறான். எனக்கு அங்கயே விசயம் விளங்கிருச்சு. இந்தப் பயலுக எல்லாம் பகல்ல லைட்டப் போட்டுப் போட்டு, டிரைவருங்க கண்ணு கெட்டுப் போச்சு. லைட்டு இருந்தாத்தான் வண்டி, இல்லாட்டி அது ரோடுன்னு அவங்க மனசு பழகிருச்சு. நான் சொன்னது எத்தனை நெசம்னு என்ற காலே சாட்சி. டாக்டர்கிட்டயும் சொன்னேன். அவரு ஊசி போட்டுட்டாரு.

முழிச்சுப் பாத்தா ருக்குமணி, தாரணி, மாப்ள மூணு பேரும் நிக்கறாங்க. மாப்ள மொகம் வெளுத்துக் கெடக்குது. என்ற காலப் பாத்துத்தான்னு நெனச்சு, அவரு மனசு தேறட்டும்னு நல்ல சேதிய மொதல்ல சொன்னேன். "மாப்ள, உங்க லைட்டச் சரி பண்ணிட்டேன். இனி எரியாது."

அவரு ஸ்டூல்ல உக்காந்துட்டாரு.

"எப்ப மாமா கட் பண்ணுனீங்க?"

"நீங்க தூங்கிட்டு இருந்தப்ப. நீங்களா எந்திரிச்சுப் பாத்து சந்தோசப்படோணும்னு சொல்லலை."

அவரு தாரணியப் பாத்தாரு. அவ இவரப் பாத்தா. அப்புறம் மெதுவாச் சொன்னாரு, "இன்னிக்குப் பொழுது சாயறப்ப நானும் தாரணியும் அந்த வண்டியில திருமூர்த்தி மலைக்குப் போறதா இருந்தமுங்க மாமா. அதே வாய்க்கால் ரோட்டுல."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். காலு கட்டு போட்டுத் தொங்குது, ஆனாலும் எந்திரிச்சு உக்காந்துட்டேன். தாலி கட்டறதுக்கு முன்னால ரண்டு பேரும் ஒரே வண்டியில என்ன மலை? என்ன கோயிலு? ஊரு என்ன பேசும்? "இதெல்லாம் எனக்குத் தெரியாம நடக்குதா? நல்லவேளை, கடவுளாப் பாத்து வண்டிய ஒடைச்சாரு"ன்னு சொல்லிட்டேன்.

தாரணி என்ற மொகத்தையே பாத்தா. நெம்ப நேரம் பாத்தா. அப்புறம் வெளிய போயிட்டா. அன்னிக்கு நிறுத்துனவதாங்க, இன்னிய வரைக்கும் என்றகூட பேசறதில்லை. கோயிலுக்குப் போறதத் தடுத்துட்டேன்னு கோவம். இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு ஒரு சின்னக் கண்டிப்புகூடத் தாங்க மாட்டேங்குது. ருக்குமணிகிட்ட கேட்டா, "உங்களுக்கு நெசமாவே விளங்கலையா"ங்கறா. விளங்கறதுக்கு என்ன இருக்குது இதுல?

கல்யாணம் நிக்கலீங்க. மாப்ளையோட அம்மா வேண்டாம்னு நின்னாங்களாம். அவருதான் கட்டுனா இவளத்தான்னு ஒரே பிடியா நின்னுருக்காரு. எனக்கு அப்பவே தெரியும், நம்ம குடும்பத்து மேல அவருக்கு ஒரு மதிப்பு. மண்டபத்துல நான் கட்டுப் போட்ட காலோட நாற்காலியில உக்காந்திருந்தேன். தாரணி வந்து காலத் தொட்டுக் கும்பிட்டா. நல்ல காலத் தொடாம ஒடைஞ்ச காலத் தொட்டா. கட்டு மேல கைய வெச்சுட்டு கொஞ்சம் நேரம் அப்புடியே குனிஞ்சுட்டு இருந்தா. நான் ஏதாச்சும் சொல்லுவாளான்னு பாத்தேன். எந்திரிச்சுப் போயிட்டா.

கட்டுப் பிரிச்சாங்க. வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. தடி ஊனி நடக்கோணும். மாசத்துக்கு ரண்டு தரம் புள்ளையப் பாக்கோணும்னு இருக்குது, அதுக்குத்தான் இந்த பஸ்ஸு. மொதத் தரம் போனப்ப அவ அறைய உட்டு வெளியவே வரலை. சோறு மாப்ள போட்டாரு. ரண்டாவது தரமும் அப்புடித்தான். நான் வந்துட்டேன்.

அப்புறம் ஒரு நாளு மாப்ள எங்க வீட்டுக்கு வந்தாரு. கையில இந்தத் தடி. நான் பஸ்ஸுல ஏறுனப்ப நீங்க புடிச்சு ஓரமாச் சாச்சு வெச்சீங்களே, அதேதான். புடிக்குக் கீழ பாருங்க, சின்னதா ஒரு கண்ணாட்ட இருக்குது. "தாரணி குடுத்து உட்டாளுங்க மாமா. பஸ் ஸ்டாண்டுல இருந்து எங்க வீட்டுக்கு மெயின் ரோட்டு ஓரமா நடக்கறீங்கள்ல, அப்ப இத எரிய உட்டுக்கோணுமாம்"ன்னாரு. "நான் போறது பகல்ல"ன்னேன். "பகல்லதான் மாமா"ன்னாரு. நான் மாட்டேன்னு திருப்பிக் குடுத்துட்டேன். அவரு தடியச் செவுத்துல சாச்சு வெச்சுட்டு, செருப்பு மாட்டறப்ப ஒண்ணு சொன்னாரு. "நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் அவ காலையில இருந்தே மொட்டை மாடியில நின்னு ரோட்டப் பாத்துட்டு இருக்கறாளுங்க. நீங்க வீட்டுக்குள்ள வந்த பொறகுதான் பின்பக்கப் படியில எறங்கி அறைக்குப் போறா."

அத்தனை வெயில்ல மாடியில நின்னா என்னத்துக்கு ஆகறது? தலைவலி வந்துரும் அவளுக்கு, சின்னதுல இருந்தே அப்புடித்தான்.

அந்தக் கட்டடம் தெரியுதே, அதுக்கப்புறம் பஸ் ஸ்டாண்டு வந்துரும். கொஞ்சம் அந்தத் தடிய எடுங்க தம்பி. இந்தப் பொத்தான நீங்களே அமுத்தி உட்டுருங்க, என்ற நகத்துக்கு எட்ட மாட்டேங்குது. இந்த வெயில்ல எரியுதா இல்லையான்னே எனக்குத் தெரியறதில்லை. எரியுதுங்களா? சரி, போதும். நான் இதுக்கு ஒத்துக்கிட்டேன்னு நெனச்சுராதீங்க, எல்லாம் அவளுக்காகத்தான். வெறும் தண்டம்.

இப்ப அவ அறையில அடைஞ்சுக்கறதில்லீங்க. வந்து சோறு போடறா. பேசறது இல்லை, ஆனா கொழம்பு இன்னும் வேணுமான்னு கரண்டியத் தூக்கிக் காட்டறா. நெம்ப தூரத்துலயே இந்த வெளிச்சம் தெரிஞ்சுரும்னு மாப்ள சொல்றாரு. எனக்கு அதுல நம்பிக்கை இல்லீங்க. பெட்ரோல் பங்க் திரும்பி மெயின் ரோட்டுக்கு வருவேன், வீடு அங்க இருந்து ஒரு சுண்டுவெரலு அளவுக்குத்தான் தெரியும். நான் அந்த எடத்துக்கு வந்த ஒடனேயே, மாடியில உக்காந்திருக்கறவ எந்திரிச்சு நிக்கறா.